ஒரு லென்ஸ்கூட உடையலையே!

அன்று காலை கடையைத் திறந்ததும் பெரியவள் செய்த முதல் வேலை, குப்பைக்கூடையைக் கிளறிப் பார்த்தது.

அவளுடைய மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் பின்னால் இருக்கும் பட்டறை அறையில், சாணைக்கல்லுக்குக் கீழே இருந்தது அந்தக் கூடை. ஈரமான வெள்ளைப் பொடி, கசங்கிய துணி, யாரோ குடித்துப் போட்ட டீ கப். உடைந்த லென்ஸ் ஒன்றுகூட இல்லை.

நேற்றும் இல்லை. முந்தாநாளும் இல்லை. தங்கை சின்னவளின் புருஷன் தொழில் கற்றுக்கொள்கிறேன் என்று வந்து மூன்று மாதம் ஆகப்போகிறது. இதுவரை ஒன்றுகூட இல்லை.

வேறு முதலாளியாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். பெரியவளுக்குச் சந்தேகம்தான் வந்தது.

வட்டமாக வரும் லென்ஸைக் கல்லில் பிடித்து, தண்ணீர் சொட்டச் சொட்டத் தேய்த்து, பிரேமுக்குள் உட்காரும் வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். தேய்த்தது போதாவிட்டால் உள்ளே போகாது. கொஞ்சம் அதிகமானால் கழன்று விழும். தேய்ந்துபோன லென்ஸை யாராலும் வளர்த்துத் தர முடியாது. புதுக்கை என்றால் மூலையைப் பெயர்க்கும், சின்னதாக்கும், கோணலாக்கும். பெரியவளின் இடது கட்டைவிரலில் இருக்கும் தழும்புகள் எல்லாம் அவள் கற்றுக்கொண்ட காலத்தில் வந்தவைதான்.

உடைக்காமல் கற்றுக்கொண்ட ஒருத்தரை அவள் இதுவரை பார்த்ததில்லை.

அப்படியென்றால் மாப்பிள்ளை கற்றுக்கொள்ள வந்தவனே இல்லை. ஏற்கெனவே தெரிந்தவன். தெரிந்தவன் எதற்குத் தெரியாதவன் மாதிரி நடிக்க வேண்டும்?

கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று வீட்டில் சோர்ந்து உட்கார்ந்திருந்தவனைக் கடைக்கு அழைத்து வந்தவள் சின்னவள். ‘காலையில நானே வந்து திறந்து வைக்கிறேன் அண்ணி’ என்று முதல் வாரமே சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டான். போன வாரம் அவனுடைய சாப்பாட்டுப் பையை நகர்த்தி வைத்தபோது உள்ளே கலகலவென்று எதுவோ உருண்டது. ‘என்ன மாப்பிள்ளை இது?’ என்றதற்கு ‘சும்மா, ஆணி’ என்றான்.

சாப்பாட்டுப் பையில் எதற்கு ஆணி?

அதனால்தான் இன்று தன்னிடம் இருந்த இன்னொரு சாவியைப் போட்டு, அவனுக்கு முன்னால் வந்து நின்றிருந்தாள்.

ஷட்டர் பாதி திறந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே குனிந்து உள்ளே வந்தான் மாப்பிள்ளை. அவளைக் கண்டதும் நிமிர்ந்த வேகத்தில் தலை ஷட்டரில் இடித்தது.

“அண்ணி... இவ்வளவு சீக்கிரமா?”

“ஏன், நான் வரக் கூடாதா?”

“ஐயையோ, அப்படிச் சொல்லலை.”

பையை மேஜைமேல் வைக்கப் போனவன், வைக்காமல் தோளிலேயே மாட்டிக்கொண்டு துடைப்பத்தை எடுத்தான். பையோடு கடையைப் பெருக்குகிற ஆளை அன்றுதான் பார்த்தாள் பெரியவள்.

*

சின்னவள் வந்ததும் வராததுமாகப் பெரியவள் அவளைப் பட்டறைக்குள் இழுத்தாள்.

“உன் வீட்டுக்காரர் இதுக்கு முன்னாடி எங்க வேலை பார்த்தார்னு சொன்னே?”

“எத்தனை தடவைக்கா சொல்றது? சரக்கு அனுப்புற கம்பெனி. கணக்குப் பார்க்கிற வேலை.”

“நீ போய்ப் பார்த்திருக்கியா?”

“அவர் ஆபீஸுக்கு நான் எதுக்குப் போகணும்? என்ன விஷயம், நேரா சொல்லு.”

“ஒரு லென்ஸ்கூட உடையலைடி.”

சின்னவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். “உடைச்சா கத்துவே. உடைக்கலைன்னா துப்பறிவே. அந்த மனுஷன் என்னதான் பண்றது?”

“எதிர்க் கண்ணாடிக்கடைக்காரன் வேவு பார்க்க அனுப்பி வந்திருப்பாரோன்னு...”

“அக்கா! அவர் என் புருஷன். அவரை ஒண்ணும் எதிர்க்கடையில வாங்கிட்டு வரலை.”

பெரியவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. “ஸ்டாக் பார்த்தேன். ஒண்ணு குறையலை. திருட்டுன்னா குறையணும். குறையாம, உடையாம, எப்படி?”

கொஞ்ச நாளாகச் சின்னவளுக்கும் ஒரு உறுத்தல் உண்டு. விடியும் முன்பே எழுந்து கிளம்பிவிடுகிறான். ‘கடைக்குத்தானே போறீங்க, இத்தனை அவசரம் எதுக்கு?’ என்று கேட்டால் சட்டைப் பொத்தானைப் போடுவதில் மும்முரமாகிவிடுவான். இதை அக்காவிடம் சொன்னால் தீர்ந்தது. அவள் சொல்லவில்லை.

“சரி, ஒண்ணு செய்” என்றாள். “பக்கத்துல நின்னு பாரு. வேலை தெரிஞ்ச கையா, தெரியாத கையான்னு உனக்குத் தெரியாதா?”

அதுவும் சரிதான் என்று பட்டது பெரியவளுக்கு. சதுர வடிவப் பிரேம் ஒன்றை எடுத்தாள். மூலை மிகக் கூர்மையாக வளைகிற ரகம்.

“மாப்பிள்ளை, இதுக்கு ஒரு லென்ஸ் தேய்ச்சுக் குடுங்க.”

அவன் உட்கார்ந்தான். கல் சுழல ஆரம்பித்தது. பெரியவள் கைகட்டிக்கொண்டு அவன் தோளுக்குப் பின்னால் நின்றாள். லென்ஸைக் கல்லுக்கு அருகே கொண்டுபோனான். எடுத்தான். துணியால் துடைத்தான். மறுபடி கொண்டுபோனான். கழுத்தில் வியர்வை இறங்கியது.

சட்டென்று கல்லை நிறுத்தினான். “டீ வாங்கிட்டு வந்துடறேன் அண்ணி. தலை வலிக்கிற மாதிரி இருக்கு.”

பையையும் எடுத்துக்கொண்டுதான் போனான்.

யாரும் பார்க்காதபோது அப்பழுக்கில்லாத வேலை. பார்த்தால் தலைவலி. பெரியவள் தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். சின்னவள் இல்லாத தூசியைத் தேடிக் கண்ணாடி அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

*

அந்த நேரத்தில்தான் கிரேன் டிரைவர் வந்தார். காலில் சிமென்ட் படிந்த பூட்ஸ். தலையில் கழற்ற மறந்த மஞ்சள் தொப்பி. மேஜைமேல் தன் கண்ணாடியை வைத்தார். அவர் வைத்த விதமே சரியில்லை.

“அம்மா, இதைப் போட்டுக்கிட்டு நான் இனிமே மேல ஏற மாட்டேன்.”

“என்ன ஆச்சுண்ணே?” என்றாள் சின்னவள்.

“கிரேன்ல கம்பிக் கட்டு ஒண்ணை இறக்கறேன். என் கண்ணுக்குத் தரையைத் தொட்டாச்சு. கொக்கியைத் தளர்த்தப் போறேன், கீழே இருந்து ஒரே கூச்சல். பார்த்தா இன்னும் ஒரு ஆள் உயரம் இருக்கு. கீழே நின்ன பையன் குதிச்சு விழுந்து முழங்கையைச் சிராய்ச்சுக்கிட்டான். அவன் கொஞ்சம் அசந்திருந்தா இப்ப நான் இங்க நின்னு பேசிட்டு இருக்க மாட்டேன்.”



பெரியவள் கண்ணாடியைப் பவர் பார்க்கும் கருவியில் வைத்தாள். ஒரு கண்ணால் உள்ளே பார்த்தாள். லென்ஸை மாற்றிப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். அவர் கண் இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாத வித்தியாசம். வலது கண் லென்ஸ் இடதில் இருந்தது. இடது கண் லென்ஸ் வலதில்.

“மாறிடுச்சா?” என்றாள் சின்னவள் மெல்ல.

“ம்.”

“யார் பண்ணினது?”

“உன் வீட்டுக்காரர்தான்.” வெற்றி மாதிரிதான் சொல்ல ஆரம்பித்தாள் பெரியவள். சொல்லி முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது. ஏனென்றால் சின்னவள் அடுத்து என்ன கேட்பாள் என்று அவளுக்குத் தெரியும்.

“வெளியே போறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் நீதானேக்கா பார்ப்பே?”

பார்ப்பாள். இந்தக் கடையில் யார் செய்தாலும் கடைசியாக அவள் கண்ணுக்குக் கீழே ஒருமுறை போய்த்தான் வெளியே போகும். மாப்பிள்ளை செய்ததையும் முதலில் பார்த்தாள். ஒவ்வொன்றையும் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. இதுவும் சரி, அதுவும் சரி என்று பார்த்துப் பார்த்து, கடைசியில் பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

மூன்று மாதமாக அவன்மேல் சந்தேகம். அவன் செய்த வேலைமேல் மட்டும் முழு நம்பிக்கை! இதை நினைத்ததும் அவளுக்கே தன்மேல் கோபம் வந்தது.

வாசலில் டீ பிளாஸ்க்கோடு நின்றிருந்தான் மாப்பிள்ளை. எவ்வளவு நேரமாக நின்றானோ, முகத்தில் ரத்தமே இல்லை. பிளாஸ்க்கை மேஜைமேல் வைத்தான். “நான் கிளம்பறேன் அண்ணி. இனிமே வரலை” என்று திரும்பினான்.

பெரியவள் ஓடிப்போய் ஷட்டரை மறித்துக்கொண்டு நின்றாள்.

“பையைத் திறங்க.”

“அக்கா, வேண்டாம்...” என்றாள் சின்னவள்.

“திறக்கட்டும். இன்னைக்கு இது தெரிஞ்சாகணும்.”

அவன் மனைவியைப் பார்த்தான். பிறகு பையிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து, மேஜைமேல் கவிழ்த்தான்.

லென்ஸ்கள். மூலை பெயர்ந்தவை, பாதியில் விரிசல் விட்டவை, காசு அளவுக்குச் சிறுத்துப்போனவை. மேஜையிலிருந்து வழிந்து தரையில் விழுந்து உருண்டன. ஒன்று கிரேன் டிரைவரின் பூட்ஸில் மோதி நின்றது.

“இதெல்லாம்...” பெரியவள் ஷட்டரை விட்டு மேஜைக்கு வந்தாள்.

“நான் கெடுத்ததுதான். காலையில நீங்க வர்றதுக்கு முன்னாடி பழகுவேன். கெட்டதுக்கெல்லாம் மொத்தக் கடையில புதுசு வாங்கி வெச்சுடுவேன். அதான் ஸ்டாக் குறையலை. நல்லா வந்ததை மட்டும் உங்க மேஜைக்கு அனுப்புவேன்.”

“ஏன்? எதுக்கு இந்த நாடகம்?”

“முதல் நாள் நீங்க என்ன சொன்னீங்க அண்ணி? ‘நம்ம கடையில ஒரு லென்ஸ் வீணாகாது, தெரிஞ்சுக்கங்க’ன்னு சொன்னீங்க.”

சொன்னாள். பெருமையாகத்தான் சொன்னாள்.

“எனக்கு முன்னாடி இருந்த பொண்ணு ஒரு லென்ஸை உடைச்சதுக்கு, நீங்க வாடிக்கையாளர் எதிர்லயே பேசின பேச்சுல, அழுதுட்டே ஓடினான்னு இவ சொல்லியிருக்கா. பொண்டாட்டி வீட்டுச் சம்பளம்னு ஏற்கெனவே நாலு பேர் சொல்றாங்க. அதுல கெடுக்கவும் செஞ்சா...”

பெரியவள் தங்கையைப் பார்த்தாள். சின்னவள் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. “ஆமா, நான்தான் சொன்னேன். பொய்யா சொன்னேன்?” என்பது மாதிரி நிமிர்ந்து பார்த்தாள்.

கிரேன் டிரைவர் தன் பூட்ஸ் அருகே கிடந்த லென்ஸை எடுத்து மேஜைமேல் வைத்தார். “எங்களுக்கு முதல்ல மணல் மூட்டையைத்தான் தூக்கக் குடுப்பாங்க. எத்தனை மூட்டையை நான் போட்டுக் கிழிச்சேன்னு எனக்கே தெரியாது. மூட்டையைக் கிழிக்காம கிரேன் கத்துக்கிட்டேன்னு எவனாவது சொன்னா, அவன் கொக்கிக்குக் கீழே நான் நிக்க மாட்டேன்” என்றார். பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். “அதெல்லாம் இருக்கட்டும். எனக்குக் கண்ணாடி வேணும். உங்க குடும்ப விவகாரம் முடியட்டும், உட்கார்ந்திருக்கேன்.”

ஆனால் பெரியவள் அவர் பேசியதைக் கவனிக்கவில்லை. மேஜையில் சிதறிக் கிடந்த லென்ஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். இன்னொன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். இன்னொன்று. இன்னும் ஒன்று.

“சின்னவளே, இங்க வா. இதைப் பாரு.”

மூலை பெயர்ந்தவை எல்லாவற்றையும் ஒரே பக்கமாகத் திருப்பி வரிசையாக வைத்திருந்தாள். எல்லாம் ஒரே இடத்தில் பெயர்ந்திருந்தன. மூக்குப் பக்கம், கீழ் மூலை.

“நீங்க ஆயிரம் தப்பு பண்ணலை மாப்பிள்ளை. ஒரே தப்பை ஆயிரம் தடவை பண்ணியிருக்கீங்க.”

அவன் கிட்டே வந்து குனிந்தான். எத்தனையோ காலைகளில் அந்த லென்ஸ்களோடு மல்லுக்கட்டியவன்தான். ஒவ்வொன்றும் கெட்டவுடன் யார் கண்ணிலும் படக்கூடாதென்று டப்பாவுக்குள் போட்டு மூடினானே தவிர, பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

“உட்காருங்க” என்றாள் பெரியவள். “இவரோட கண்ணாடியை இப்பவே புதுசா செய்யணும். நான் பார்த்துட்டு நிப்பேன். உடைஞ்சா உடையட்டும்.”

“அண்ணி...”

“உட்காருங்கன்னேன்ல.”

கல் சுழன்றது. தண்ணீர் சொட்டியது. மேல் வளைவு வந்தது, பக்கவாட்டு வந்தது, கீழ் மூலைக்குத் திரும்பியபோது, டிக்!

எல்லோருக்கும் கேட்டது. மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டான். திட்டு விழும் என்று தோளைக் குறுக்கினான்.

“மணிக்கட்டு!” என்றாள் பெரியவள். அவள் குரலில் இருந்தது கோபம் இல்லை. கிட்டத்தட்ட சந்தோஷம். “அந்த மூலைக்கு வரும்போது மூச்சைப் பிடிச்சுக்கிட்டு மணிக்கட்டை உள்ளே மடிக்கிறீங்க. மடிச்சா லென்ஸ் கல்லுல குத்துது. அதான் பெயருது. உடம்போட சேர்ந்து திரும்புங்க. இன்னொண்ணு எடுங்க.”

இரண்டாவதும் கொஞ்சம் பெயர்ந்தது, ஆனால் நகக்கண் அளவுதான். அதை அவளே வாங்கி, ‘பாருங்க, குறைஞ்சிருக்கு’ என்று அவன் கையில் திருப்பிக் கொடுத்தாள். மூன்றாவது பெயரவில்லை. முழுசாக வந்தது.

அடுத்த கண்ணுக்கும் முடித்து, பிரேமில் மாட்டி, கருவியில் வைத்துப் பார்த்தாள். வலது வலதில். இடது இடதில். இன்னொரு தடவையும் பார்த்தாள். பிறகு கிரேன் டிரைவரிடம் நீட்டினாள்.

“அண்ணே, மாத்திப் போட்டது அவர். பார்க்காம உங்க கையில குடுத்தது நான். மன்னிச்சுக்கங்க.”

அவர் மாட்டிக்கொண்டு தெருவைப் பார்த்தார். எதிர்க்கடைப் பலகையை எழுத்தெழுத்தாகப் படித்தார். “வாங்க தம்பி, என்கூட சைட் வரைக்கும் வாங்க. மேலே ஏறி ஒரு மூட்டையை இறக்கிப் பார்க்கறேன். நீங்க கீழே நின்னு சொல்லுங்க. கொக்கிக்கு நேரா மட்டும் நிக்காதீங்க” என்றார்.

மாப்பிள்ளை பெரியவளைப் பார்த்தான். அவள் தலையாட்டினாள். பையை எடுக்காமல் கிளம்பினான். கதவு வரை போய், திரும்பி மனைவியைப் பார்த்துச் சிரித்தான். சின்னவள் அந்தச் சிரிப்பைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

*

சாயங்காலம் மொத்தக் கடை ஆள் வழக்கமான சரக்கோடு வந்தான். பெட்டிகளை இறக்கிவிட்டு, சட்டைப்பையிலிருந்து தனியாக ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தான்.

“இது உங்க வீட்டுக்காரருக்கும்மா. ரொம்ப நாளா தேடிட்டு இருந்தாரு. இந்த அளவு இப்பத்தான் கிடைச்சுது.”

“குடுங்க” என்று வாங்கிக்கொண்டாள் சின்னவள்.

போகிற போக்கில் அவன் கேட்டான். “குழந்தைக்கு இப்ப எப்படிம்மா இருக்கு?”

“எந்தக் குழந்தை?”

அவன் சின்னவளைப் பார்த்தான். பெரியவளைப் பார்த்தான். சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோம் என்பது அவன் முகத்தில் தெரிந்தது. “இல்ல... வேற யாரோன்னு நினைச்சுட்டேன்” என்று முணுமுணுத்துக்கொண்டே வண்டியை எடுத்தான்.

சின்னவள் பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளங்கைக்குள் அடங்கும் சிவப்புப் பிரேம். காதுக்குப் பின்னால் நழுவாமல் கட்டிக்கொள்ள நாடா. கூடவே இரண்டு லென்ஸ். பெரியவள் அதை வாங்கி ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். இவ்வளவு கனமான பவர் அவள் கைக்கு அபூர்வமாகத்தான் வரும். இதைப் போட்டுக்கொள்கிற குழந்தைக்கு, இது இல்லாமல் பக்கத்தில் இருக்கும் முகம்கூடத் தெரியாது.

அக்கா தங்கை இரண்டு பேருக்கும் குழந்தை இல்லை. சொந்தத்தில் கண்ணாடி போடுகிற சின்னக் குழந்தையும் கிடையாது.

“அவர் வரட்டும். அவசரப்பட்டு எதுவும் பேசாதே” என்றாள் பெரியவள். இதைச் சொல்வது தான்தானா என்று அவளுக்கே ஆச்சரியம்.

மாப்பிள்ளை தலையெல்லாம் சிமென்ட் தூசியோடு, வாய் கொள்ளாத உற்சாகத்தோடு உள்ளே வந்தான். “அண்ணி! பூ மாதிரி இறக்கிட்டாரு! தரையில பட்ட சத்தமே...”

சின்னவளின் கையைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

“இதுக்காகத்தான் இந்தத் தொழிலைக் கத்துக்க வந்தீங்களா?” என்று கேட்டாள் அவள்.

அவன் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பொய் சொல்லப் போகிறான் என்றுதான் பெரியவள் நினைத்தாள். அவன் சொல்லவில்லை.

“ஆமா. இதை மட்டும் என் கையால செய்யணும்னு. இதுல தப்பு வந்துடக் கூடாதுன்னுதான் அத்தனையையும் கெடுத்தேன்.”

சின்னவள் ‘யாருக்கு’ என்று கேட்கவில்லை. “என்ன வயசு?” என்று மட்டும் கேட்டாள்.

“ஆறு. என் குழந்தைதான்.”

அவர்களுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். அந்தக் கழித்தலைப் போட்டுப் பார்க்கக் கடையில் யாருக்கும் காகிதம் தேவைப்படவில்லை.

சின்னவள் பிரேமைத் திரும்பப் பொட்டலத்தில் வைத்து, நாடா வெளியே தெரியாமல் உள்ளே மடித்தாள்.

“ரெண்டு கண்ணுக்கும் நடுவுல இருக்கிற தூரத்தை அளவு எடுக்காம இந்த லென்ஸை வெட்டக் கூடாது. நாளைக்குக் குழந்தையை இங்க கூட்டிட்டு வாங்க. அளவை நான் எடுக்கறேன்.”